ஒரு பலகை வீடு பாரம்பரியம், இன்னொன்று புறம்போக்கா?



புக்கிட் செலம்பாவிலிருந்து புறப்பட்டு, சுங்கைப் பட்டாணியைத் தாண்டி மேற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் கோத்தா கோலமூடா வந்துவிடும். 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமி கெடாவில் கடுமையாகத் தாக்கிய கடலோர மீனவக் கிராமம் அது. அங்கே ஒரு சுனாமி காட்சியகம் இருக்கிறது. அலை அடித்து நொறுக்கிய வீடுகள் சிலவற்றை நினைவுக்காக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு சிறிய கிராமம் எப்படி வாழ்ந்தது, எப்படி அடிபட்டது என்பதை அந்த உடைந்த சுவர்களே சொல்கின்றன. நல்ல காரியம். மனதாரப் பாராட்டுகிறேன்.

திரும்பி வரும் வழியில் என் மகள் கேட்டாள்: "அப்பா, தாத்தா இருந்த லயத்து வீட்டையும் இப்படி வெச்சிருக்காங்களா?"

என்ன பதில் சொல்வது? தாத்தா இருந்த லயம் இருந்த இடத்தில் இன்று வரிசை வரிசையாகச் செம்பனை நிற்கிறது. அங்கே ஒரு கல்கூட மிச்சமில்லை. உடைந்த வீட்டையும் காப்பாற்றத் தெரிந்த நாடுதான் இது. ஆனால் நம்முடைய உடையாத வீட்டைக் காப்பாற்ற மட்டும் இதற்குச் சட்டம் கிடைப்பதில்லை!

இது உணர்ச்சிப் பேச்சு இல்லை. நான் வழக்கறிஞன். நீதிமன்றத்தில் உணர்ச்சியை எடுத்துவைத்தால் நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே சட்டத்தையே பேசுவோம்.

சில மாதங்களுக்கு முன் புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டி என்னைப் பார்க்க வந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம், விஷயம் இன்னும் முடியவில்லை. மடியில் ஒரு பழைய ரொட்டி டின். "தம்பி, எல்லாக் கடுதாசியும் இதுல இருக்கு. எது வேணுமோ எடுத்துக்க" என்றார். எடுத்துப் பார்த்தேன். எல்.எல்.என். என்று அச்சடித்த பழைய மின்சாரக் கட்டண ரசீதுகள். கணவரின் சேமநிதிக் கணக்கு. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர். கோயில் திருவிழா நோட்டீஸ். தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அறிக்கை. ஒரு குடும்பம் ஒரே மண்ணில் மூன்று தலைமுறை வாழ்ந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் நில அலுவலகம் கேட்கும் ஒரே காகிதம் மட்டும் அதில் இல்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரு பேரு எல்லாக் கடுதாசியிலயும் இருக்கு. நெலத்துல மட்டும் இல்லியா?" என்று கேட்டார்.

அதுதான் கேள்வி. அதற்குச் சட்டம் சொல்லும் பதிலைக் கேளுங்கள்.

தேசிய நிலச் சட்டம் 1965, பிரிவு 48. அரசு நிலத்தில் நீங்கள் எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமத்தோடு இருந்தாலும் உரிமம் இல்லாமல் இருந்தாலும், அந்தக் குடியிருப்பால் உங்களுக்கு நிலவுரிமை வராது. நிலம் தனியாருடையது என்றால் பிரிவு 341 அதே கதவை அங்கேயும் சாத்துகிறது. பத்து ஆண்டு இருந்தவரும் நூறு ஆண்டு இருந்தவரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். 1982-இல் பேராக் அரசுக்கு எதிரான சிடேக் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: புறம்போக்குவாசிக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, நியாய நெறியிலும் உரிமை இல்லை! அன்று முதல் எந்த மேம்பாட்டு நிறுவனத்தின் வழக்கறிஞரும் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். என் முகத்துக்கு நேராகவும் நீட்டியிருக்கிறார்கள்.

தற்காலிகக் குடியிருப்பு உரிமம், நம் ஜனங்கள் வாயில் டி.ஓ.எல்., அதன் கதை இன்னும் வேடிக்கை. அந்த உரிமம் டிசம்பர் 31-ஆம் தேதியோடு செத்துவிடும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விற்க முடியாது, மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமதாரர் இறந்தால் உரிமமும் இறந்துவிடும். அப்பா ஐம்பது வருடம் கட்டணம் கட்டிய வீட்டில், அப்பாவைச் சுடுகாட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வரும் மகன் சட்டப்படி ஒரு செத்திங்கான்.

தோட்டத்து லயத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றி 1990-இல் ஒரு சட்டம் வந்தது. தண்ணீர், மின்சாரம், கழிப்பறை என்று முதலாளி செய்துதர வேண்டியதைச் சொன்னது. ஆனால் அது வேலையில் இருப்பவனுக்கு. வேலை போனவனுக்கு, தோட்டம் கைமாறியபோது தெருவில் நின்றவனுக்கு, அது ஒரு பலகையைக்கூட உரிமையாக்கவில்லை. அஞ்சடியில் கோலம் போட்டு, வாசலில் முருங்கை வைத்து, பின்பக்கம் குசினியை நீட்டிக் கட்டி, மாட்டுக்குக் கொட்டகை போட்டு, எல்லையில் முனியாண்டிக்கு ஒரு சூலம் நட்டு, அந்த லயத்தை ஊராக்கியவர்கள் நாம். சட்டப் புத்தகத்தில் அது முதலாளி கொடுத்த 'வசதி'.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதே நம் பெரியவர்களுக்கு இது புரிந்துவிட்டது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவுகிற கைகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தன. அந்தக் காசில் முதலில் வாங்கிய தோட்டங்களில் ஒன்று நம் கெடாவின் புக்கிட் சிடிம். இதைப் பற்றி எத்தனை விமர்சனம் இருந்தாலும், காகிதம் இல்லாமல் மண் இல்லை என்று நமக்கு முதலில் காட்டியது அந்தச் சங்கம். ஆனாலும் பங்குப் பத்திரம் வேறு, வீட்டுப் பட்டா வேறு. அந்த இரண்டாவது படியை நாம் ஏறவே இல்லை.

சரி, சட்டம் எல்லோருக்கும் இப்படித்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பினாங்குக்குக் கூட்டிப்போகிறேன். கெடாவின் பக்கத்து மாநிலம், ஒரே தீவு, இரண்டு கிராமங்கள்.

முதல் கிராமம் ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ கடலோரத்தில் இருக்கிறது. சீனக் குலங்களின் படகுத்துறைக் குடியிருப்புகள். சியூ, லிம், தான், லீ, இயோ என்று குலப்பெயரால் அழைக்கப்படுபவை. கடலில் கம்பம் நட்டு, பலகை அடித்து, தகரம் போட்ட வீடுகள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களும் படகு ஓட்டியவர்களும் மீன் பிடித்தவர்களும் கட்டியவை. கடலுக்கு மேலே நிற்கும் வீட்டுக்கு ஏது பட்டா? அவர்களுக்கும் தற்காலிக உரிமம்தான்! நம் பாட்டியின் டின்னில் இருந்த அதே கதை. 2006-இல் அவற்றில் கோய், பெங் ஆன் என்ற இரண்டு துறைகளை இடித்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களின் கண்ணீரும் நம் கண்ணீரும் வேறில்லை. ஆனால் 2008 ஜூலை 7-ஆம் தேதி ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. எஞ்சிய துறைகள் அந்த எல்லைக்குள் வந்தன. நேற்று வரை புறம்போக்காக இருந்த பலகை வீடு மறுநாள் உலகச் சொத்தாகிவிட்டது. இன்று சுற்றுப்பயணிகள் படம் எடுக்கிறார்கள். அந்த மக்கள் மீது எனக்கு ஒரு துளி பொறாமை இல்லை. அவர்கள் வீடு நின்றது நியாயம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அவர்களைக் காப்பாற்றிய அந்தப் பட்டியல் வரும்போது தேசிய நிலச் சட்டத்தில் 48-ஆம் பிரிவு அப்படியே இருந்தது. யாரும் அதைத் திருத்தவில்லை.

இரண்டாவது கிராமம் குளுகோரில் இருந்தது. இருந்தது! கம்போங் புவா பாலா. பசுவும் ஆடும் மேய்ந்ததால் பழைய தொலைக்காட்சித் தொடரின் பெயரை வைத்து 'ஹை சப்பரல்' என்று வெளியாட்கள் அழைத்த தமிழர் கிராமம். பிரவுன் குடும்பத்தின் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள். பல தலைமுறை. பலகை வீடு, தகரக் கூரை, மாட்டுக் கொட்டகை, பழமரங்கள், கோயில். அந்தக் குடும்பம் இந்த நிலத்தைத் தங்களுக்காக அறக்கட்டளையாக விட்டுச்சென்றது என்பது அவர்கள் வாதம். நிலமோ காலப்போக்கில் மாநில அரசின் கைக்குப் போயிருந்தது. தேசிய முன்னணி ஆட்சியில், கோ சூ கூன் முதலமைச்சராக இருந்த காலத்தில், அதை அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க ஒப்புதல் ஆனது. நிலப்பட்டா பதிவானது 2008 மார்ச்சில், ஆட்சி மாறி லிம் குவான் எங் முதலமைச்சரான சில வாரங்களுக்குள். இவர்கள் அவர்களைக் கை காட்டினார்கள், அவர்கள் இவர்களைக் கை காட்டினார்கள். இரண்டு கைக்கும் நடுவில் கிராமம் நசுங்கியது.

2009 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிராமத்தாருக்கு எதிராகத் தீர்த்தது. ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. செப்டம்பரில் இயந்திரங்கள் வந்தன. ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியமாகி அப்போது பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. விழா நடந்த தீவில்தான் இதுவும் நடந்தது!

புவா பாலா பாரம்பரிய எல்லைக்கு வெளியே இருந்தது என்று சொல்வார்கள். தெரியும். எல்லையை யார் வரைந்தது என்பதுதான் என் கேள்வி. வரைபடம் போடும் அறையில் நம்மவர் யாராவது இருந்தார்களா? மாட்டுக் கொட்டகையையும் பாரம்பரியம் என்று எழுதிக்கொடுக்க யாராவது முன்வந்தார்களா?

அந்த வருடம் ஏப்ரல் 7-ஆம் தேதி இங்கே நம் புக்கிட் செலம்பாவில் இடைத்தேர்தல். 15 வேட்பாளர்கள்! அப்போது நான் தொழிலுக்கு வந்து சில வருடங்களே ஆன சின்னப் பையன். இந்தியர்களின் ஓட்டு முக்கியம் என்று கோலாலம்பூரிலிருந்து வராத தலைவர் இல்லை. தோட்டத்துச் சாலையில் கார்கள் வரிசை கட்டி நின்றன. லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். தேர்தல் முடிந்து ஐந்து மாதத்தில் புவா பாலா மண்மேடானது. இடித்த பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மண்ணோடு மண்ணாகக் கிடந்த ஒரு அம்மிக்கல்லைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

"அவர்களுக்கு இரண்டு மாடி வீடு தருவதாகச் சொன்னார்களே, பிறகென்ன?" என்று இன்றும் கேட்கிறார்கள். நம்மவர்களே கேட்கிறார்கள்! இதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது.

அந்த வீட்டை வாங்கிக்கொண்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். புல்டோசர் வாசலில் நிற்கும்போது கையெழுத்துப் போடுபவரைக் கோழை என்று சொல்ல, புல்டோசர் பார்க்காத நமக்கு அருகதை இல்லை. ஆனால் சலுகையையும் உரிமையையும் ஒன்றாக்காதீர்கள். இரண்டு மாடி வரிசை வீட்டில் பசு எங்கே நிற்கும்? பால் விற்றுப் பிழைத்தவர் எதை விற்பார்? கம்பத்து வீட்டில் கல்யாணம் ஆன மகனுக்குப் பக்கவாட்டில் ஒரு அறை சேர்த்துக் கட்டலாம். வரிசை வீட்டில் அடுத்த வீட்டுச் சுவர்தான் இருக்கும். ஒரு குடும்பம் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டது என்பது உண்மை. ஒரு ஊர் போய்விட்டது என்பதும் உண்மை. இழப்பீட்டுக் கணக்கில் முதலாவது மட்டும்தான் வரும்.

தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக் குப்பங்களில் புதுக் காங்கிரீட் வீடு வேண்டுமென்றால் பழையதை ஒப்படைக்க வேண்டும் என்ற நிலை வந்தது. கடலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிப்போய்க் குடியேறும்போது பழைய இடத்தின் உரிமையை அரசுக்கு விட வேண்டியிருந்தது. சில ஊர்களில் அலைக்குத் தப்பி நின்ற ஓட்டு வீடுகளும் திண்ணைகளும், நிழல் தந்த மரங்களும்கூட, தொண்டு நிறுவனங்கள் புது வீடு கட்டுவதற்காகச் சாய்க்கப்பட்டன. கெட்ட எண்ணத்தால் அல்ல. பலகை, ஓடு, கூரை என்றால் ஏழ்மை, காங்கிரீட் என்றால் முன்னேற்றம் என்ற எண்ணத்தால். வெப்பத்தில் வெந்தபோதுதான் திண்ணையின் அருமை தெரிந்தது. இடிக்கிறவனின் கையில் இயந்திரம் மட்டும் இல்லை உறவுகளே, இந்த எண்ணமும் இருக்கிறது. நம் மண்டையிலும் இருக்கிறது. லயத்தில் பிறந்தேன் என்று சொல்லக் கூச்சப்படும் பட்டதாரிகளை எனக்குத் தெரியும். நானும் சட்டக் கல்லூரி நாட்களில் வாய்திறக்காமல் இருந்தவன்தான்.

மறுபடி சட்டத்துக்கு வருகிறேன். பிரிவு 48 என்ன சொல்கிறது? குடியிருந்ததாலேயே நிலம் வராது என்கிறது. குடியிருந்தவருக்கு நிலம் கொடுக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை! நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க எந்தச் சட்டம் அனுமதித்ததோ, அதே சட்டம்தான் கிராமத்தாருக்கும் கொடுக்க அனுமதித்திருக்கும். தனியார் நிலமானால் 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் அதை வைத்து நிலம் எடுக்கலாம், ஒரு ஊரை ஊராகவே வைத்திருக்க மட்டும் எடுக்கக் கூடாதா? ஆக, சட்டம் தடுத்தது என்று சொன்னவர்கள் முழு உண்மையைச் சொல்லவில்லை. மனம் தடுத்தது.

நீதிமன்றமும் நினைத்தால் நகரும். சிலாங்கூர் புக்கிட் தம்போயில் தெமுவான் பூர்வகுடியினரின் நிலத்தை நெடுஞ்சாலைக்காக எடுத்தபோது, சாகோங் தாசி வழக்கில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2002-இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இலும் அவர்களுடைய வழக்காற்று நிலவுரிமையை ஏற்றன. அவர்கள் கையிலும் பட்டா இல்லை. நமக்கும் பூர்வகுடிகளின் உரிமையே வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அது அவர்களுடையது, அதில் பங்கு கேட்பது அநியாயம். காகிதத்துக்கு வெளியேயும் ஒரு மக்களுக்கு மண்ணோடு உறவு இருக்கலாம் என்று இந்த நாட்டு நீதிமன்றம் ஒருமுறை கண்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மலாக்கா காஜா பேராங்கில் செட்டி சமூகத்தின் கிராமம் பாரம்பரியக் கிராமமாக அங்கீகரிக்கப்பட்டிருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பக்கத்திலே உயர்மாடித் திட்டம் வந்து அவர்கள் போராட வேண்டியிருந்தது. ஆனால் போராடும்போது அவர்கள் காலடியில் ஒரு காகிதம் இருந்தது.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி. பூஜாங் பள்ளத்தாக்கு, சுங்கை பத்து, 11-ஆம் எண் சண்டி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது என்று சொல்லப்பட்ட கோயில் அடித்தளம். 2013-இல் ஒரு மேம்பாட்டு நிறுவனம் தரைமட்டமாக்கியது. கேட்டால் நிலம் தனியாருடையது, இடம் அரசிதழில் பாரம்பரியமாக அறிவிக்கப்படவில்லை என்றார்கள். தேசிய பாரம்பரியச் சட்டம் 2005-இலேயே வந்துவிட்டது. எட்டு வருடம் அது மேசையில் இருந்தது, சண்டி மண்ணில் இருந்தது, இரண்டும் சந்திக்கவே இல்லை. கடாரத்துக் கல்லுக்கே இந்தக் கதி என்றால் நம் தகரக் கூரைக்கு?

இதில் அரசை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நாம் எப்போது விழிக்கிறோம்? நோட்டீஸ் வந்த பிறகு. சில சமயம் நோட்டீஸ் வந்து கெடு முடிந்த பிறகு. இடிக்கிற அன்று காலை பதாகை எழுதுகிறோம். தலைவர்கள் வருகிறார்கள், இயந்திரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், பத்திரிகையில் வருகிறது. என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கும் மேல், தாங்கள் நிற்கும் நிலம் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியாது. "பழைய கம்பெனி தம்பி" என்பார்கள். போய்த் தேடினால் அந்தக் கம்பெனி கைமாறி, அதையும் வாங்கியவன் அடமானம் வைத்து, வங்கியின் பெயர் ஏறியிருக்கும்.

ஆகவே நம் அமைப்புகளுக்கு என் கோரிக்கை இது. கெடாவில் எஞ்சியிருக்கும் லயங்களையும் தோட்டத்து ஓரக் கம்பங்களையும் எண்ணி எழுதுங்கள். எத்தனை வீடு, எப்போது கட்டியது, எந்த மரம், எந்தக் கோயில், எந்தக் கிணறு. நல்லதாக ஒன்றிரண்டு லயங்களைத் தேர்ந்தெடுத்துப் பாரம்பரிய இடமாக அறிவிக்கச் சொல்லி முறைப்படி மனுப் போடுங்கள். கோத்தா கோலமூடாவில் உடைந்த வீட்டைக் காட்டி, எங்கள் நிற்கிற வீட்டுக்கும் அதே மரியாதை கொடு என்று கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அடுத்த முறை அஞ்சடியில் தேநீர் குடிக்க வரும்போது நிலப்பட்டா மனுவை நீட்டுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தேதி போடச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது: நில அலுவலகத்துக்குப் போய்க் கட்டணம் செலுத்தி உங்கள் நிலத்தின் பதிவைத் தேடிப் பாருங்கள். யாரும் பார்க்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மின்சார, தண்ணீர் ரசீதுகள், மதிப்பீட்டு வரி ரசீது இருந்தால் அது, பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இந்த வீடு எப்போது, யார் அனுமதியோடு கட்டியது என்று சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்கள். டி.ஓ.எல். வைத்திருப்பவர்கள், உரிமம் இறந்துபோனவர் பெயரில் இருந்தால் மறைக்காதீர்கள். அந்த ரசீதை நம்பி வழக்காட வந்து நின்றவர்களைப் பார்த்துவிட்டேன். உடனே புதிய விண்ணப்பம் போடுங்கள், டிசம்பர் 31 வரை காத்திருக்க வேண்டாம்.

பாட்டியின் ரொட்டி டின் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும் தம்பி, அங்க கூரை ஒழுவுது" என்றார்.